சூடானால்தான் பிடிக்கும்

காருக்கு வயது பதினாறு, அதன் சொந்தக்காரிக்குப் பதினெட்டு. வாங்கிய பதினான்கு மாதத்தில் அதற்குள் அவள் போட்ட பணம், காரின் விலையைப் போல இரண்டு மடங்கு. அதில் கடன் கிடையாது, கைநீட்டி வாங்கியதும் கிடையாது. ஒரே ஒரு தடவை மட்டும், அப்பா வேறு ஒன்றுக்காகக் கொடுத்த பணம் அதில் கலந்துவிட்டது.

டயர் கடையில் அவள் பெயர் நட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு காருக்கு நான்கு சக்கரமும் மாட்டிவிட்டுக் கையைத் துடைத்தபோது, தரையில் ஒரு நட்டு மிச்சம் கிடந்தது. கார் அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தது. ஸ்பேனரோடு பின்னால் ஓடி, சிக்னலில் நின்ற காரின் கண்ணாடியைத் தட்டி, நடுரோட்டில் மண்டியிட்டு முடுக்கிவிட்டுத் திரும்பினாள். நட்டு கழண்டது காருக்கா உனக்கா என்று கடையில் கேட்டார்கள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். வீட்டில் மட்டும் இன்னும் பாப்பா.

அப்பா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக மாஸ்டர். பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். படிக்க வந்தவர் பதறிப்போய்த் தவறான பெடலை மிதித்தால் மாஸ்டரின் கால் காப்பாற்ற வேண்டும். இருபத்தாறு வருடத்தில் அவருடைய பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த எவருக்கும் நகக்கீறல்கூட விழுந்ததில்லை. பேருந்தில் போனாலும் அவருடைய வலது கால் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கியே இருக்கும். "உங்க அப்பா டிவி பாக்கும்போதுகூட பிரேக் போடுவாரு. வில்லன் வந்தா நிறுத்தணும்ல" என்பாள் அம்மா. அவள் பல்பொருள் அங்காடியில் காசாளர்.

பள்ளி கழித்துக்கட்டிய கார்களில் ஒன்றைத்தான் நட்டு வாங்கினாள். மாஸ்டர் பக்கத்துப் பிரேக்கைப் பிடுங்கிய இடத்தில் தரையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. அட்டை வைத்து அடைத்தாள். அப்பா இப்போது சொல்லிக்கொடுக்கும் காரும் அதே மாடல், சில வருடம் கழித்து வந்தது. முன் பிரேக்கின் பாகங்கள் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சம்பளத்தில் பாதி அம்மாவிடம் போய்விடும். மிச்சப் பாதியில் ஒரு பதினெட்டு வயதுக்காரி எப்படிக் காரை முடுக்கிவிட்டாள் என்று கடையில் எல்லோருக்கும் வியப்பு. வித்தை ஒன்றும் இல்லை. வேலைக்கு நடந்து போனாள். கைபேசித் திரையில் சிலந்திவலை மாதிரி விரிசல், மாற்றவில்லை. ஞாயிறு காலை அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் ஏழு கார் கழுவினாள். பணம் இல்லாத இடத்தில் உழைப்பைக் கொடுத்தாள்: சைலன்சர் பட்டறைக்காரருடைய வேனுக்கு வருடம் முழுவதும் சக்கரம் கழற்றி மாட்டித் தருவது, பதிலுக்கு அவர் பெரிய குழாய் வளைத்து வெல்டிங் அடித்துத் தருவது. கழற்றிய பழைய பாகம் எதையும் எறியமாட்டாள். துடைத்து, படம் பிடித்து, விற்றுவிடுவாள். முதலில் காற்று வடிகட்டி மாறியது, பிறகு சைலன்சர், பிறகு ஸ்பிரிங்குகள். கடைசியாக மடிக்கணினியோடு வந்த ஒருவர் இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது என்று கணக்குப் போடும் பெட்டியைத் திறந்து எண்களை மாற்றிக்கொடுத்தார். அன்றிலிருந்து கார் அவள் நினைப்பதற்கு முன்னால் பாய்ந்தது.

அப்பா ஒரு சுற்று உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது ஒன்றுதான் கேட்டார்.

"போறதுக்கு இவ்வளவு பண்ணிட்ட. நிக்கிறதுக்கு என்ன பண்ண?"

கேள்வி அவளைத் தைத்தது. அடுத்த மூன்று மாதச் சேமிப்பு பிரேக்குக்கு என்று முடிவு செய்தாள்.

பிரேக் பேட் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டை. சாதாரணக் கட்டை எப்போது மிதித்தாலும் பிடிக்கும், ஆனால் பந்தய ஓட்டத்தின் சூட்டில் வழுக்கிவிடும். பந்தயக் கட்டை நேர்மாறு. நன்றாகச் சூடானால் கார் ஆணி அடித்தது போல நிற்கும். குளிர்ந்திருந்தால் பாதிகூடப் பிடிக்காது. பெட்டியிலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருப்பார்கள்: இத்தனை டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது, தெருவில் ஓட்டும் வண்டிக்கு அல்ல.

கார்ப் பைத்தியங்கள் நாற்பது பேர் சேர்ந்த ஒரு வாட்ஸப் குழுவில் அவளும் இருந்தாள். நடத்துகிறவனை எல்லோரும் பிஸ்டன் என்பார்கள். ஒரே மூச்சில் எட்டு செட் எடுத்தால் பந்தயக் கட்டை பாதி விலைக்கு வரும் என்று பிஸ்டன் அறிவித்தான். நட்டுவையும் சேர்த்து ஏழு பேர் முன்பணம் கட்டினார்கள். எட்டாவது ஆள் கடைசி நாளில் கழன்றுகொண்டான். மாலைக்குள் இன்னொரு ஆள் கிடைக்காவிட்டால் ஆர்டர் ரத்து, முன்பணம் திரும்பி வராது என்று பிஸ்டனிடமிருந்து செய்தி வந்தது.

அவள் பையில் அப்போது அப்பா கொடுத்த பணம் இருந்தது. பள்ளியில் ஒரு வழக்கம்: சில்லறைப் பராமரிப்புக்கு மாதாமாதம் ஒரு தொகை, அவரவர் காரை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். மகள் டயர் கடையில் சேர்ந்த பிறகு எண்ணெய் மாற்றுவது, பேட் மாற்றுவது எல்லாம் அவள் கையில்தான். பள்ளி முதலாளிக்கும் அது தெரியும். அந்த வாரம் அப்பா, முன் பிரேக்குக்குப் புதுக் கட்டை வாங்கிப் போடச் சொல்லியிருந்தார். பணம், எட்டாவது செட்டின் விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு.

அவள் யோசித்த விதம் இது: அப்பா கொடுத்தது சாதாரணக் கட்டைக்கான காசு. அதே காசில், தன் கையிலிருந்து கொஞ்சம் போட்டு, இரண்டு மடங்கு விலையுள்ள சாமானை அவருக்குப் போட்டுக்கொடுக்கப் போகிறாள். ஏழு பேரின் ஆர்டரும் பிழைக்கும். இதில் யாருக்கு நட்டம்? எட்டாவது ஆள் கிடைத்துவிட்டார் என்று பிஸ்டனுக்கு எழுதினாள்.

ஒரு வாரத்தில் பெட்டிகள் வந்தன. தன் காருக்குப் போட்ட முதல் நாளே, குளிர்ந்த கட்டை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மிதித்தால் பெடல் கெட்டியாக நின்றது, கார் நிற்க யோசித்தது. வேகத்தைக் கூட்டாமலே, பிரேக்கை லேசாகத் தொட்டபடி முதல் இரண்டு தெருவை ஓட்டினாள். கட்டை சூடானது, பிறகு கார் சொன்ன இடத்தில் நின்றது. நாலே நாளில் அது கால் பழக்கமாகிவிட்டது. கிளம்பும்போது இரண்டு தெரு சூடாக்குவது, இருக்கைப் பட்டை போடுவது போல, யோசனையே இல்லாத காரியம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் காருக்கும் மாட்டினாள். ஊருக்கு வெளியே காலியான சாலையில் பத்துப் பதினைந்து தடவை வேகமெடுத்து, பலமாக மிதித்து, கட்டையும் தட்டும் ஒன்றுக்கொன்று பழகும்படி ஓட்டினாள். கடைசியில் ஒரு தடவை உச்ச வேகத்திலிருந்து மிதித்தபோது இருக்கைப் பட்டை நெஞ்சை அறுத்தது. அப்பாவுக்கு இதைவிட நல்ல பிரேக் யாரும் போட்டுத்தர முடியாது என்று பெருமையோடு சாவியைக் கொடுத்தாள். நாள் முழுவதும் முப்பதைத் தாண்டாமல், பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஓரங்கட்டிப் பாடம் சொல்லி, மறுபடி கிளம்புகிற கார் அது. அந்தக் கட்டை ஒரு நாளும் சூடாகப் போவதில்லை. இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

நான்காம் நாள் அப்பா சொன்னார், பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கிறது, கீச்சென்று சத்தமும் வருகிறது என்று.

"புதுசுப்பா. ரெண்டு வாரத்துல செட் ஆயிடும்" என்றாள் நட்டு. மகள் சொன்னால் சரி என்று அவர் விட்டுவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் மழை. காலை முதல் பாடம், ஓட்டியவர் வங்கியில் வேலை பார்க்கும் நாற்பது வயதுப் பெண். அவருக்கு அது ஆறாவது வகுப்பு. பள்ளியை விட்டு இறங்கி முதல் திருப்பத்தில், முன்னால் ஒரு ரொட்டி வேன் நின்றுகொண்டிருந்தது. அவர் பதறி ஆக்சிலரேட்டரை மிதித்தார். மாஸ்டரின் கால் தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் உடனே விழுந்தது. கார் நிற்கவில்லை. வேகம் குறைந்துகொண்டேதான் போனது, ஆனால் வேனின் பின்கதவு அதற்குள் வந்துவிட்டது. வங்கிப் பெண்ணின் இடது மணிக்கட்டு முறிந்தது. மாஸ்டருக்கு நெற்றியில் ஒரு வீக்கம்.

சாயங்காலம் சமையலறையில் நெற்றியில் ஐஸ் வைத்தபடி அப்பா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "கல்லை மிதிக்கிற மாதிரி இருந்துச்சு. முழுசா மிதிச்சேன். நிக்கல."

கேட்ட நொடியிலேயே நட்டுவுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வெளியே வந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வெளியே வந்தபோது அம்மா அப்பாவின் சட்டையை ஊறவைத்துக்கொண்டிருந்தாள், அப்பா மருத்துவமனைக்குப் போன் போட்டு மணிக்கட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆனது.

மறுநாள் பள்ளியின் மெக்கானிக் காரைப் பார்த்தார். எண்ணெய் ஒழுகவில்லை. குழாயில் காற்று இல்லை. கட்டையின் கனத்தைப் பார்த்தார்: புத்தம் புதுசு. சாலையில் எடுத்துப்போய் ஆறேழு தடவை வேகமெடுத்து மிதித்தார். முதல் இரண்டு மூன்று தடவை சற்று இழுத்தது, மழையில் ராத்திரி முழுக்க நின்ற வண்டி அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கார் நின்ற நிலையைப் பார்த்து அசந்துபோனார். என் சொந்த வண்டிக்குக்கூட இப்படிப் பிரேக் இல்லை என்று முதலாளியிடம் சொன்னார்.

பிரேக்கில் குறை இல்லை என்றால் குறை காலில். முதலாளி கெட்டவர் அல்ல. திங்கட்கிழமை மாஸ்டரை உட்காரவைத்து, வயது ஐம்பத்தெட்டு ஆகிறதே என்றுதான் ஆரம்பித்தார். அடுத்த வாரம் புதன்கிழமை மருத்துவமனையில் ஒரு பரிசோதனை, விளக்கு எரிந்ததும் எவ்வளவு சீக்கிரம் மிதிக்கிறார் என்று அளப்பார்கள். அதுவரை அலுவலகத்தில் விண்ணப்பங்கள் நிரப்பட்டும். கார் பழுது பார்த்து வந்ததும் பள்ளியின் இளைய பயிற்சியாளரான சின்ன மாஸ்டர் எடுத்துக்கொள்வார், இந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து.

மெக்கானிக்கே சொல்லிவிட்டார் என்பது நட்டுவுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுத்தது. அவள் அதற்குள் புகுந்துகொண்டாள். ஒருவேளை நிஜமாகவே அப்பாவின் கால் தாமதித்திருக்கலாம் என்றுகூட ஒரு மத்தியானம் நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பு அரை மணி நேரம்தான் தாங்கியது. கடையில் அன்று ஒரு சக்கரத்தை இரண்டு தடவை தப்பாக மாட்டினாள். ஏய் நட்டு, இன்னைக்கு எத்தனை மிச்சம் என்று கேட்டார்கள். அவள் மூன்றாம் தடவை கழற்றி மாட்டினாள்.

வியாழக்கிழமை அப்பா, வங்கிப் பெண்ணை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், கூட்டிப்போ என்றார். நட்டு காரை எடுத்தாள். தெருவில் இறங்கியதும் கால் தன் வழக்கத்தைச் செய்தது. அப்பா பக்கத்து இருக்கையிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எதுக்கு சும்மா சும்மா பிரேக்கத் தொடுற?"

"பழக்கம்ப்பா."

"கெட்ட பழக்கம். பின்னால வர்றவன் குழம்புவான்."

வங்கிப் பெண் தன் வீட்டில் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். தப்பு என்னுடையது, நான்தான் மாற்றி மிதித்துவிட்டேன் என்று அவர் சொல்லச் சொல்ல, அப்பா தலையை அசைத்து மறுத்தார். "நீங்க தப்புப் பண்ணுவீங்கன்னுதாம்மா நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். என் கால் லேட் ஆயிடுச்சு." நட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றாள். உள்ளே வாம்மா என்று இரண்டு தடவை கூப்பிட்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அவள் வந்தபோது, அப்பா சாப்பாட்டு மேசையில் ஒரு முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலோடு உட்கார்ந்திருந்தார். பரிசோதனைக்கு வீட்டிலேயே பழகலாம் என்று எங்கோ படித்திருக்கிறார். ஒருவர் ஸ்கேலைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும், மற்றவர் கீழே விரல்களை விரித்து வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதும் பிடிக்க வேண்டும். எத்தனையாவது கோட்டில் விரல் நிற்கிறதோ அவ்வளவு தாமதம். அதுவரை அம்மா விட்டுக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமான நாள்லேருந்து நான் எது சொன்னாலும் இவருக்கு மூணு நாள் கழிச்சுத்தான் கேக்கும். ஸ்கேல் மட்டும் உடனே கேக்கணுமாம்" என்று சொல்லி ஸ்கேலை மகளிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நட்டு ஸ்கேலைப் பிடித்தாள். அப்பாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் நுனிக்குக் கீழே விரிந்து காத்திருந்தன. விட்டாள். பத்தொன்பது. விட்டாள். இருபத்திரண்டு. அப்பா ஒவ்வொன்றையும் ஒரு பழைய விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதினார். அதில் ஏற்கெனவே முப்பது எண்கள் இருந்தன.

"நீ விடப்போறது உன் முகத்துல தெரியுது. முகத்த அந்தப் பக்கம் வெச்சுக்கோ. இன்னொரு தடவை."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விட்டாள். ஸ்கேல் விரல்களுக்கு நடுவே நழுவித் தரையில் விழுந்து சத்தம் போட்டது. அப்பா அதை எடுக்கவில்லை. புதன்கிழமை போகப்போவதில்லை என்று சொன்னார். போய் ஓர் இயந்திரம் சொல்லி அவமானப்படுவதை விட, தானாகவே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறார். நாளைக்குச் சின்னவனிடம் காரை ஒப்படைத்துவிட்டு வந்து எழுதுவார்.

"அந்தக் கார நாளைக்கு எடுக்கக் கூடாதுப்பா."

"ஏன்?"

அவள் சொன்னாள். எட்டாவது செட்டிலிருந்து ஆரம்பித்தாள், சரியாக வரவில்லை, மறுபடி பணத்திலிருந்து ஆரம்பித்தாள். கட்டை, சூடு, முப்பதைத் தாண்டாத வண்டி, மெக்கானிக் ஏழு தடவை மிதித்தபோது அது ஏன் நின்றது என்று எல்லாவற்றையும். தன் காரில் முதல் இரண்டு தெரு எதற்குப் பிரேக்கைத் தொடுகிறாள் என்பதையும் சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசல் நிலையில் வந்து நின்றாள்.

அப்பா எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்.

"பெட்டில எழுதியிருந்துச்சா?"

"எழுதியிருந்துச்சு."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"அந்தம்மாகிட்ட நேத்து நான் என் கால்னு சொன்னப்ப, நீ அங்கதான நின்ன?"

"நின்னேன்ப்பா."

அவர் தன் வலது காலைப் பார்த்தார். எட்டு நாளாக அது தரையில் முழுசாகப் பதிந்தே இருந்தது என்பதை அம்மா பிறகு சொன்னாள். கால் சரியாகத்தான் மிதித்தது என்று தெரிந்ததில் அவர் முகத்தில் ஏதாவது தளரும் என்று நட்டு எதிர்பார்த்தாள். ஒன்றும் தளரவில்லை. எழுந்து போய் முதலாளிக்குப் போன் போட்டார்.

"சார், நாளைக்கு அந்த வண்டிய எடுக்க வேணாம். பிரேக்ல கோளாறு. ஆமா, மெக்கானிக் பாத்தாரு, தெரியும். தப்பான பேட் போட்டிருக்கு. போட்டது என் பொண்ணு. போடச் சொன்னது நான்."

மறுமுனையில் நீளமாக ஏதோ ஓடியது. அப்பா ம் போட்டுக்கொண்டே இருந்தார். காப்பீட்டு நிறுவனத்துக்கு இதைச் சொல்லாமல் மறைக்க முடியாது என்றார் முதலாளி. வங்கிப் பெண்ணின் சிகிச்சைச் செலவையும் வேனின் கதவையும் அவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார்கள். தெருவுக்கு ஆகாத பாகத்தைப் போட்ட வண்டி என்று தெரிந்தால் அந்தப் பணத்தை யாரிடம் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. மாஸ்டரின் காலைப் பற்றி இனிப் பேச்சில்லை, புதன்கிழமைப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் ஒரு மாஸ்டர் தன் காரில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமலே பன்னிரண்டு நாள் மனிதர்களை ஏற்றியிருக்கிறார். அதைப் பற்றிப் பேச வேண்டும், அதுவரை அலுவலகத்துக்கும் வர வேண்டாம்.

போனை வைத்துவிட்டு அப்பா கைகழுவி உட்கார்ந்தார். அம்மா சாப்பாடு வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். நட்டு, தன் காரை விற்றுவிடுவதாகச் சொன்னாள். பந்தயச் சாமான்களைத் தனித்தனியாகக் கழற்றி விற்றால் இன்னும் கூட வரும் என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இப்ப எதையும் கழட்டாத" என்றார் அப்பா.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் பள்ளிக்கு வந்து பயிற்சிக் காரின் முன்சக்கரங்களைக் கழற்றிப் பார்க்கப்போகிறார். கட்டையை மாட்டியவர் நேரில் வர வேண்டும், பெட்டியையும் வாங்கிய ரசீதையும் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நட்டு கடையில் அரை நாள் விடுப்பு கேட்டிருக்கிறாள்.